ஏழுமலை மகன் சேகர்: மூன்று கூப்பாடு

எங்கள் கோர்ட்டில் மைக் வைத்துவிட்டார்களாம். என் இடத்துக்கு வந்திருக்கும் சாந்தி மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டு புலம்பினாள்.

"பாக்கியம்மா, மைக் வெச்சும் எனக்குத் தொண்டை கட்டிக்குது. நீங்க அது இல்லாமயே எப்டித்தான் அத்தினி வருஷம் கூப்ட்டீங்களோ?"

"மைக்க கையில வெச்சிக்கினு நீ எதுக்குடி கத்துற? கத்தறதுக்குத்தானே அத வாங்கிக் குடுத்தாங்க?"

"கத்தலன்னா வேலை செஞ்ச மாரியே இல்ல பாக்கியம்மா" என்று சிரித்தாள். பிறகு, ஊழியர் சங்க மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். நான் மூணாங்கிளாஸ். அதிலும் பாதி நாள் குழாயடியில் குடத்துக்கு வரிசை பிடிக்கப் போய்விட்டேன். எழுத்துக்கூட்டி எழுதுவேன். ஒரு இன்லண்ட் லெட்டரில் என் எழுத்து ஏழு வரிதான் கொள்ளும். ஆகவே இதைத் திருத்தி அச்சுக்குக் கொடுக்கிறவருக்கு இப்போதே ஒரு கும்பிடு.

என் வீட்டுக்காரர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். நெஞ்சில் தூசி அடைத்துப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நான் கோர்ட்டைக் கூட்டிப் பெருக்க தினக்கூலிக்குப் போனேன். சில வருஷத்தில் பர்மனென்ட் ஆனது. ஒரு நாள் கோர்ட்டு கேட்டில் ஆட்டைக் கட்டிவிட்டுப் போன ஒருவனை நான் நாலு வார்த்தை கேட்டேன். அது மேலே பெஞ்ச் கிளார்க் வெங்கடேசப்பா காதுக்குப் போயிருக்கிறது. பெயர் கூப்பிடும் ஆள் அந்த மாசம்தான் ரிடையர் ஆகிறார். "இந்தத் தொண்டையைத் தொடப்பத்துக்கு எதுக்கு வீணாக்கறது?" என்று என்னை வாசற்படியில் நிறுத்திவிட்டார். அவ்வளவுதான் என் டிரெயினிங்.

வேலை இதுதான். உள்ளே பெஞ்ச் கிளார்க் கேஸ் கட்டைப் பிரித்து, முதலில் அப்பா பெயர், பிறகு ஆள் பெயர் என்று வாசிப்பார். நான் படியில் நின்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். முதல் தடவை கேட்டைப் பார்த்து. இரண்டாவது டீக்கடையைப் பார்த்து. மூன்றாவது வக்கீல்கள் உட்காரும் அறையைப் பார்த்து. ஆள் வந்தால் "ஆஜர்" என்பார். வராவிட்டால் நான் உள்ளே வந்து "இல்லை சார்" என்பேன். அப்பா பெயர் இல்லாமல் எங்கள் ஊரில் கூப்பிட முடியாது. சும்மா "குமார்" என்று கூப்பிட்டுப் பாருங்கள், ஒரு ஷிப்டுக்கு ஆள் சேர்ந்துவிடும்.

ஆரம்பத்தில் நான் கூப்பாட்டோடு கொஞ்சம் ஊறுகாயும் வைப்பேன். "முனிரத்தினம் மகன் பாபு! வாங்க மாப்ளே, பந்தி ஆறிப்போவுது!" வராந்தா சிரிக்கும். அப்போதுதான் தார்வாடு பக்கத்திலிருந்து ஒரு மாஜிஸ்ட்ரேட் மாற்றலாகி வந்தார். குரலை உயர்த்தவே மாட்டார். யோசிக்கும்போது பேனா மூடியைத் திருகித் திருகி மூடுவார். நான் கூப்பிட வெளியே போனதும் கட்டை மூடி வைத்துவிட்டு, மூன்றாவது கூப்பாடு அடங்கும்வரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அதுவரை பக்கத்தில் யாரும் ஒரு காகிதத்தைப் புரட்டக் கூடாது.

ஒரு நாள் எனக்குப் பசி. மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு உள்ளே வந்தேன். அவர் எழுதவில்லை.

"பாக்கியம்மா, இந்த ஆள் வரலேன்னு நான் எழுதப் போறேன். எழுதினா அது போலீஸ் வரைக்கும் போகும். அவன் டீக்கடையிலேர்ந்து எழுந்து வர டைம் குடுக்க வேணாமா?"

"அவன் ஊர்லயே இல்ல சார்."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. கூப்பிடுங்க. நடுவிலே மூச்சு விடுங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் நடுவில் மூச்சு விட்டேன். ஊறுகாயையும் குறைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பெட்டி கேஸ். சின்னச் சின்ன கேஸ்: விளக்கில்லாத சைக்கிள், ஸ்கூட்டரில் மூன்று பேர், விசில் அடித்தும் நிற்காதது. கான்ஸ்டபிள் சீட்டு எழுதிக் கையில் கொடுப்பார். வாங்கியவன் மடித்துப் பையில் போட்டுக்கொள்வான். அடுத்த மாசம் திருப்பூருக்கோ மெட்ராசுக்கோ பிழைக்கப் போய்விடுவான். எங்கள் ஊர் கர்நாடகா ஓரம், பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டால் வேற ஸ்டேட். எல்லையைத் தாண்டினால் சீட்டும் செத்துப்போகும் என்று நினைப்பு. காகிதம் சாகாது. கேஸ் கட்டில் படுத்துக் கிடக்கும். என்றைக்காவது அவன் வண்டியை அந்த ஊர் நம்பருக்கு மாற்றப் போவான். அப்போது எழுந்து உட்காரும்.

சுரங்கத்தில் ஆள் குறையக் குறைய, சனிக்கிழமை வராந்தாவும் காலியானது. கட்டு மட்டும் உயர்ந்துகொண்டே போனது. நான் கூப்பிடும் பெயரில் பாதிப் பேரின் வீடு எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பூட்டின் நிறம்கூடத் தெரியும். ஆனாலும் அவன் டீக்கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்ற மாதிரி கூப்பிட வேண்டும். கேட்டைப் பார்த்து, டீக்கடையைப் பார்த்து, வக்கீல் அறையைப் பார்த்து. மூன்று பக்கமும் காற்றுதான் ஆஜர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேச்சு வராது. பேசவும் அங்கே ஆள் இல்லை, அது வேற விஷயம்.

இப்போது என் கேஸுக்கு வருகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி சொல்லக் கூடாது. ரேஷன் கார்டு எழுத வந்தவருக்குப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோது திருப்பதி இருக்கும் திசையைக் காட்டினேன். நர்ஸம்மா வெங்கடேசன் என்று எழுதிவிட்டாள். இரண்டு நாள் மனுஷன் வெங்கடேசனாகவே படுத்துக் கிடந்தார். பெயர் ஏழுமலை. இங்கே எழுதுகிறாயே என்றால், எழுதுவது கைதானே.

எங்களுக்கு ஒரே பிள்ளை, சேகர். சுரங்கத்தில் புது ஆள் எடுப்பதில்லை. பழைய ஸ்கூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் சுற்றினான். மூன்று பேர் போனதற்கு ஒரு சீட்டு, விளக்கு எரியாததற்கு ஒரு சீட்டு வாங்கினான். இரண்டையும் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, ஸ்கூட்டரோடு அம்பத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அங்கேயே கல்யாணம், ஒரு பெண் குழந்தை. பெயர் வைக்கும்போது நான் போனேன். ஒரே ரூம். நான் காலை நீட்டிப் படுத்தால் கதவு திறக்காது. நாலாம் நாள் வந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை வெங்கடேசப்பா கட்டைப் பிரித்தார். "ஏழுமலை மகன் சேகர்" என்று வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். நான் படிக்குப் போய், "சேகர்!" என்றேன். டீக்கடைக்காரர் எழுந்தார். ஒரு வக்கீல் குமாஸ்தா எழுந்தார். நிலத்தகராறுக்கு பூதிகோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். மூன்று பேரும் சேகர்.

மாஜிஸ்ட்ரேட் என்னை உள்ளே கூப்பிட்டார். "அப்பா பேரு எல்லி போச்சு?" எங்கே போச்சு என்கிறார்.

"சொல்ல மாட்டேன் சார்."

"யாக்கே?" ஏன் என்று கேட்கிறார்.

வெங்கடேசப்பா எழுந்து கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னார். மாஜிஸ்ட்ரேட் பேனா மூடியைத் திருகினார்.

"உங்க மகனா?"

"ஆமா சார். அம்பத்தூர்ல கீறான்."

"வேற ஆளை விட்டுக் கூப்பிடச் சொல்லட்டுமா சார்?" என்று வெங்கடேசப்பா கேட்டார்.

"கூப்பிடறது அவங்க வேலை. அவங்களே கூப்பிடட்டும். அவசரம் இல்லே." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க அம்மாவும் சொல்ல மாட்டா." பிறகு கட்டின் மேல் கையை வைத்தார். "முறையா கூப்பிடாம வரலேன்னு நான் எழுத மாட்டேன். வாய்தா போடுங்க."

அடுத்த வாய்தாவிலும் இதே கதைதான். அதற்கடுத்ததிலும் இதே. நான் வாயைத் திறக்காதவரை என் பிள்ளைக்கு வாரண்ட் இல்லை.

முதல் வாய்தா அன்று மத்தியானம், டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே வெங்கடேசப்பா சொன்னார்: "பாக்கியம்மா, இதுக்கு அவன் வரவே வேணாம். தப்பு என்னுதுதான்னு ஒரு லெட்டர் எழுதி, அபராதத்தை அனுப்பினா போதும். ஒரே நாள்ல முடிஞ்சுடும்."

"அப்டியா சார்?" என்றேன்.

நான் அதைச் சேகருக்குச் சொல்லவில்லை. முடிந்துவிட்டால் அவன் இந்த ஊருக்கு எதற்கு வருவான்? கேஸ் இருக்கிறவரை வாய்தா இருக்கும். வாய்தா இருக்கிறவரை, வாடா என்று கூப்பிட எனக்கு ஒரு காரணம் இருக்கும். என் ஏழு வரியில் இப்படி எழுதினேன்:

"சேகருக்கு அம்மா எழுதுவது. அடுத்த மாசம் நாலாவது சனி வாய்தா. நேரில் வந்தே தீரணும். வராவிட்டால் வாரண்டு. பங்காருப்பேட்டை பிளாட்பாரத்திலேயே விலங்கு மாட்டுவார்கள். ஒரு துண்டு எடுத்து வா, விலங்கு மேலே போட்டு மூடிக்கொள்ள."

எழுதி முடித்துவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். பதில் வந்தது: "இந்த மாசம் லீவு இல்லை. அடுத்த வாய்தாவுக்குப் பார்க்கலாம்." அடுத்த வாய்தாவுக்கும் எழுதினேன், விலங்கோடு ஒரு ஜீப்பையும் சேர்த்து. அதற்கும் லீவு இல்லை.

ஒவ்வொரு வாய்தா அன்றும் காலையில் இரண்டு ஆளுக்கு உலை வைத்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போவேன். கருவாட்டுக் குழம்பு, அவனுக்குப் பிடிக்கும். ராத்திரிக்கு நான், மறுநாள் காலைக்கு நான், மறுநாள் மத்தியானத்துக்கும் நான். திங்கட்கிழமை என் டப்பாவில் கருவாட்டு வாசனை வந்தால் வெங்கடேசப்பாவுக்குப் புரிந்துவிடும். தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி கீரையை எடுத்து என் மூடியில் வைப்பார்.

நாலு வருஷம் இப்படிப் போனது.

சுரங்கத்தை மூடினார்கள். ஷிப்டுச் சங்கு நின்றது. நாங்கள் குடியிருக்கும் கோரமண்டல் பக்கத்தில் எங்கள் வரிசையில் மூன்று வீட்டுக்கு ஒரு வீடுதான் விளக்கேற்றியது. அந்த வருஷம்தான் மாஜிஸ்ட்ரேட்டுக்கு மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முன்னால் கட்டுகளைப் பார்த்து முடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"வர்ற சனிக்கிழமை ஏழுமலை மகன் சேகர். எனக்குக் கடைசி. நீங்க கூப்பிடலேன்னா வேற ஆள் கூப்பிடுவாங்க. எனக்கப்புறம் வர்றவர் காத்திருக்க மாட்டார்."

அன்று வீட்டுக்குப் போனால் சேகரிடமிருந்து லெட்டர். கர்நாடகா நம்பரோடு இத்தனை வருஷம் ஓட்டினாய் என்று மெட்ராஸ் போலீஸ் ஸ்கூட்டரைப் பிடித்து வைத்துக்கொண்டார்களாம். தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்ற எங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஆட்சேபணை இல்லை என்று காகிதம் வேண்டும். கேஸ் பாக்கி இருந்தால் அந்தக் காகிதம் கிடைக்காது. ஆகவே சனிக்கிழமை வருகிறானாம். பெற்றவளுக்காக வராதவன் ஸ்கூட்டருக்காக வந்தான். பரவாயில்லை. ஸ்கூட்டர் இரண்டு சக்கரத்தில் நிற்கிறது, நான் ஒண்டிக்கட்டை.

அந்தச் சனிக்கிழமை கோர்ட்டு வராந்தாவில் ஒரு பெரிய பையோடு நின்றான். கன்னமெல்லாம் ஒட்டியிருந்தது.

"இன்னாடா, இப்டி வத்திப்பூட்ட?"

"நீ மட்டும்? இன்னா மூடுல கீறாரும்மா?"

"யாரு?"

"மாஜிஸ்ட்ரேட்டும்மா."

"உன்ன மாரி எத்தினி பேரப் பாத்தவரு. கடிக்க மாட்டாரு" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

உள்ளே வெங்கடேசப்பா வாசித்தார். மாஜிஸ்ட்ரேட் கட்டை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் படிக்கு வந்தேன். சேகர் மூன்றடி தள்ளித் தூணோரம் நின்றான். ஆள் கண்ணெதிரில்தான். சும்மா கையைக் காட்டி உள்ளே அனுப்பியிருக்கலாம். ஆனால் நாலு வருஷமாக ஒரு மனுஷன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார். கேட்டைப் பார்த்து நின்றேன். வாயைத் திறந்தேன். 

"ஏழுமலை மகன் சேகர்!"

டீக்கடையில் கிளாஸ் கழுவும் சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் கேஜ் என்கிற சுரங்க லிப்டிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது "இந்தா" என்பேன். சாகக் கிடக்கும்போதும் "இந்தா, இங்க பாரு" என்றுதான் கூப்பிட்டேன். அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. அது ஊரோரம் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடு வரைக்கும் போயிருக்கும்.

"ஆஜர்" சொல்ல வேண்டியவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மூச்சு விட்டேன். டீக்கடைப் பக்கம் திரும்பி இரண்டாவது தடவை கூப்பிட்டேன். அவன் கண்ணைத் துடைத்தான். மூச்சு விட்டேன். வக்கீல் அறையைப் பார்த்து மூன்றாவது.

"வந்துட்டேம்மா" என்றான்.

"ஆஜர்னு சொல்லணும்டா, முண்டம்" என்றேன், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

உள்ளே ஐந்து நிமிஷம். தப்பை ஒத்துக்கொண்டான், அபராதம் கட்டினான், ரசீது வாங்கினான். கையெழுத்துப் போட்டுவிட்டு மாஜிஸ்ட்ரேட் சாதாரணமாகத்தான் கேட்டார்: "இதுக்கு எதுக்கப்பா அவ்ளோ தூரத்திலேர்ந்து வந்தே? ஒரு லெட்டர் போதுமே."

சேகர் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். வெங்கடேசப்பா அவசரமாக அடுத்த கட்டைப் பிரித்தார்.

வீட்டுக்கு வரும்வரை எனக்கு முன்னாலேயே நடந்தான். குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். துவைக்கத் துணி எடுக்கலாம் என்று நான் பையைத் திறந்தேன். இரண்டு லுங்கி, ஒரு போர்வை, பல்பொடி, பாதியாக அறுத்த சோப்பு, குழந்தையின் போட்டோ. இவை எல்லாவற்றுக்கும் மேலே மடித்து ஒரு துண்டு.

"இன்னாடா இது, ஒரு நாளுக்கு வரவன் வூட்டையே கட்டி எட்துக்கினு வந்துக்கீற?"

"உள்ள போட்ருவாங்கன்னுதாம்மா."

"யார்ரா சொன்னது?"

"நீதான். ஒவ்வொரு லெட்டர்லயும்." இலை முன்னால் உட்கார்ந்தான். "லெட்டரே போதும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"மொத வாய்தாலேர்ந்து."

அவன் சோற்றைப் பிசைந்தான். "ரெண்டு தபா பாப்பாவ இட்டுக்கினு வரலாம்னு டிக்கெட்டு எட்த்தேன். பங்காருப்பேட்டைல எறங்கசொல்லோ, அது எதிர்லயே வெலங்கு மாட்டிட்டா இன்னா பண்றதுன்னு ரெண்டு தபாவும் கேன்சல் பண்ட்டேன்."

"அது கிண்டல்டா."

"எனக்கு எப்டித் தெரியும்? நீ கோர்ட்டு ஆளு. நீ எழ்தினா நெஜம்னுதானே இருப்பேன்?" ஒரு வாய் சாப்பிட்டான். "ஒரே ஒரு தபா, சும்மா வந்துட்டு போடான்னு எழ்தியிருந்தா, வந்திருப்பேம்மா."

  குழம்பு ஊற்றினேன். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டான்.

ஆர்.டி.ஓ. காகிதத்துக்கு இரண்டு நாள் ஆனது. கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டேன். பையைக் கையில் கொடுக்கும்போது, அந்தத் துண்டை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். "இது இனிமே உனக்கு எதுக்கு?" என்றேன். அதற்குக் கொஞ்சம் சிரித்தான்.

அதே வருஷக் கடைசியில் நானும் ரிடையர் ஆனேன். பித்தளைக் குடம் கொடுத்தார்கள். மாஜிஸ்ட்ரேட் போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லிவிட்டுப் போனார்: "அன்னைக்கு நல்லா கூப்பிட்டீங்க."

சாந்திக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மைக் இருந்தாலும் நடுவில் மூச்சு விடு.

சேகர் போன பிறகு எத்தனையோ தடவை இன்லண்ட் லெட்டர் வாங்கி வந்து உட்கார்ந்தேன். விலங்கு, ஜீப்பு, வாரண்டு எல்லாம் வேகமாக எழுதிய கை, அந்த ஒரு வரிக்கு நகரவில்லை. வீட்டுக்காரர் பெயர் எப்படி வாயில் நின்றதோ அப்படியே இதுவும் நின்றது. ஒன்றில் ரேஷன் கடையில் எண்ணெய் இல்லை என்று எழுதிக் கிழித்தேன். ஒன்றில் புதிதாக ஒரு சீட்டு வந்திருக்கிறது என்று எழுதி, அதையும் கிழித்தேன். போன மாசம்தான் எழுதி முடித்தேன். ஏழு வரி வேண்டியிருக்கவில்லை.

"சேகருக்கு அம்மா எழுதுவது. கேஸ் எதுவும் இல்லை. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு சும்மா வந்துவிட்டுப் போ."

போஸ்ட் பண்ணி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பதில் இல்லை. நான் எழுந்து போய் "இல்லை சார்" என்று சொல்லப்போவதில்லை. டீக்கடையிலிருந்து எழுந்து வரவே நேரம் கொடுக்கணும் என்றார் மாஜிஸ்ட்ரேட். இது அம்பத்தூர். முறை என்றால் மூன்று தடவை. ஒன்றுதான் ஆகியிருக்கிறது. இப்போது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன்.